அடுத்தவர் மந்தை

சொலாஞ் தன் செம்மறி மந்தையை விற்றது முழங்கால் வலியால்தான். ஓர் இளம் தம்பதி நல்ல மனதோடு வந்து கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். மறுநாள் வெயில் ஏறும் வரை தூங்கினாள். இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை எவனோ அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறானே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மந்தை போனதை ஏற்காதது ஃபீலூ ஒன்றுதான். கறுப்பும் வெள்ளையுமான மேய்ப்பு நாய். காலிக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளை ஓட்டி மூலையில் சேர்த்தது. ஒரு நாள் தபால்காரப் பெண்ணைச் சுவரோடு ஒதுக்கி நிறுத்திவிட்டு, சொலாஞ் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை ஆர்லெத் வந்து சேர்ந்தாள். நகரத்தில் முடிவெட்டும் பார்லர் வைத்திருந்தவள். கடையை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டு வேனை வாங்கியிருந்தாள். அதை ஓட்டத்தான் பயம்.

"நீ டிராக்டர் ஓட்டினவதானேக்கா? இதுவும் நாலு சக்கரம்தான். வா, நாட்டைச் சுத்திப் பாப்போம்."

"நாயும் வரும்."

"என் பிரலீனும்தான் வருது. ஆனா ஒண்ணு, உன் நாய் மெத்தை மேல ஏறக்கூடாது."

பிரலீன் கையடக்கமான வெள்ளைச் சுருட்டைமுடி நாய். அது ஆர்லெத்தின் தலையணையிலேயே தூங்கும். ஃபீலூவுக்கு மேசைக்கடியில் இடம். ஊர் ஊராகப் போனார்கள். ஃபீலூவுக்கு இருந்த ஒரே கவலை, அக்காவும் தங்கையும் பிரிந்து நடப்பது. சந்தையில் ஆர்லெத் பாலாடைக்கட்டிக் கடை முன் கொஞ்சம் நின்றால் போதும், பின்னங்காலில் மூக்கை வைத்து முட்டி, அவளை அக்காவிடம் ஓட்டிவந்து சேர்த்துவிடும்.

"என்னை என்னடி ஆடுன்னு நெனச்சுட்டானா இவன்?" என்பாள் ஆர்லெத், கோபத்தில் அக்காவையே 'டி' போட்டு.

லோசேர் என்ற மேட்டு நிலப் பகுதியில் ஒரு பண்ணையில் வேன்கள் தங்கலாம் என்று பலகை இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. வால்நட் மரத்தடியில் நிறுத்திவிட்டுப் படுத்தார்கள். புழுக்கம் என்று ஆர்லெத் சன்னலைத் திறந்து வைத்தாள்.

காலையில் காபிக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தவள் கத்தினாள்.

"அக்கா! எந்திரிக்கா! வெளிய பாரேன்!"

"என்ன, மழையா?"

"மழையில்ல, ஆடு! ஊர்ப்பட்ட ஆடு நம்ம வாசல்ல நிக்குது!"

சொலாஞ் இரவு உடையோடு எட்டிப் பார்த்தாள். வேனைச் சுற்றி ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. படிக்கு எதிரே ஃபீலூ நாக்கைத் தொங்கவிட்டு, மெச்சச் சொல்வது போலப் படுத்திருந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் பூட்ஸைத் தேடினாள். அடுத்தவர் மந்தை! பட்டி காலியாக இருப்பதைப் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பூட்ஸை மாட்டுவதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய மனிதரின் முகம் வெளிறிப் போயிருந்தது. ரெஜிஸ், பண்ணைக்காரர்.

"யாரு நாய் இது? மேல மேய்ச்சல் நெலத்துல ஒரு ஆடு இல்ல. ஓநாய் வந்துருச்சோன்னு நான் செத்துப் பொழச்சு வரேன்!"

"காபி குடிக்கிறீங்களாங்க?" என்றாள் ஆர்லெத்.

"காபியா? என் மந்தையக் கெளப்பிட்டு வந்துட்டு காபியாம்மா?"

"தப்பு எங்க மேலதாங்க," என்றாள் சொலாஞ். "மன்னிச்சிடுங்க. ஆனா பாருங்க, ஒண்ணுகூட நொண்டல, மூச்சு வாங்கல. எங்க கொண்டு விடணும்னு சொல்லுங்க, விட்டுர்றோம்."

ரெஜிஸ் ஆடுகளைச் சுற்றிப் பார்த்தார். கோபம் இறங்கி, வேறு ஏதோ முகத்தில் வந்தது.

"இன்னைக்கு ரோமம் வெட்ட ஆள் வராங்க," என்றார். "நாலு நாளா இதுகளக் கீழ எறக்கப் பாக்குறேன், முடியல."

"உங்க நாய்?" என்று கேட்டாள் சொலாஞ்.

ஜீப்புக்குள் ஒரு பெரிய நாய் உட்கார்ந்திருந்தது. கதவு திறந்திருந்தும் இறங்கவில்லை.

"அதுக்கு ஆடுன்னா பயம்," என்றார் ரெஜிஸ், தலையைக் குனிந்துகொண்டு.

ஆர்லெத் சிரித்ததில் காபி சிந்தியது.

சொலாஞ் வேனில் சாய்ந்து நின்று விரலை வாயில் வைத்தாள். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள், சீழ்க்கை கணீரென்று கிளம்பியது. ஃபீலூ தரையோடு தரையாகப் பாய்ந்தது. மந்தை பால் பொங்குவது போலத் திரண்டு, சந்து வழியாக நேரே ரெஜிஸ் காட்டிய பட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் ஓரடிகூட நடக்கவில்லை. முழங்கால் வலிக்காமல் ஆடு ஓட்டியது பல வருஷத்தில் அதுவே முதல் தடவை. கண் கலங்கியதை ஆர்லெத் பார்த்துவிடாமல் இருக்க, பட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் ரோமம் வெட்ட வந்தவர்களோடு நீள மேசையில் பருப்பும் தொத்திறைச்சியும் சாப்பிட்டார்கள். ஆர்லெத்தின் பார்வை ரெஜிஸின் தலையிலேயே இருந்தது.

"ஆட்டுக்கெல்லாம் வெட்டியாச்சு, உங்களுக்கு எப்போங்க?" என்று கேட்டுவிட்டு, கத்தரியைக் கொண்டுவந்து மரத்தடியிலேயே அவரை உட்கார வைத்தாள். அவருக்குப் பின்னால் ரோமம் வெட்டுகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"நாய எனக்குக் குடுத்துருங்களேன்," என்றார் ரெஜிஸ், அவர்கள் புறப்படும்போது.

"நாய் வேணும்னா நானும் வருவேன். நான் வந்தா இவளும் வருவா," என்றாள் சொலாஞ்.

ரெஜிஸ் ஆர்லெத்தைப் பார்த்தார். "அப்ப நாய் மட்டும் வருஷா வருஷம் வந்துட்டுப் போகட்டும்."

அவர் நாலு பேரிடம் சொல்ல, அவர்கள் நாலு பேரிடம் சொல்ல, அடுத்த வசந்தத்தில் சொலாஞ்சின் போன் அடிக்கத் தொடங்கியது. இப்போது அவர்களின் பயணமே அந்த அழைப்புகளைச் சுற்றித்தான். ஃபீலூவுக்கு ஒரு காலை வேலை, சகோதரிகளுக்கு இரண்டு மூன்று நாள் விருந்து, அந்த ஊர் ஆண்களுக்கெல்லாம் முடிவெட்டு. வேலை முடிந்த அன்று ஃபீலூ யாரையும் முட்டாமல் மேசைக்கடியில் குறட்டை விடும்.

"இந்த நாட்டுல கோட்டை கொத்தளம் எதுவும் இல்லையா? பட்டி பட்டியாவே காட்டுறியே!" என்று ஆர்லெத் ஒரு நாள் பொரிந்து தள்ளினாள்.

சரியென்று சொலாஞ் ஒரு பெரிய கோட்டைக்கு வேனை விட்டாள். நாய்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. நால்வரும் வெளியே புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள்.

"வெளிய இருந்து பாத்தாலே நல்லாத்தான்க்கா இருக்கு," என்றாள் ஆர்லெத், ரொட்டியை மென்றுகொண்டே.