யார் கையும் படாத காசுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். முயன்றேன், முடியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தார். அப்பா போனதும் படிப்பை நிறுத்திவிட்டுப் பண்டாரவளை பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். தங்கைகள் எங்கள் இருவரையும் கரையேற்றியவர் அவர்தான். சில்லறை இல்லையென்று ஒரு கிழவியையும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காசு சேர்ப்பது. பழைய சதங்களும் ரூபாய்களும், அதிலும் அச்சடித்த அன்றைய பளபளப்பு அப்படியே இருக்க வேண்டும். எவ்வளவு அபூர்வமான வருடமானாலும் கீறல் விழுந்திருந்தால் வேண்டாம் என்பார். பண்டாரவளையில் பழங்காசு வியாபாரம் செய்யும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர்தான் இதில் அவருக்குக் கூட்டாளி. அண்ணன் விளிம்பைப் பிடித்துத்தான் காசைத் தூக்குவார். ஒவ்வொன்றுக்கும் தனி உறை, அதன்மேல் அவர் கையெழுத்து. துடைக்கவே விடமாட்டார். துடைத்தால் மேல்தோல் போய்விடும், அப்புறம் அது வெறும் சில்லறை என்பார்.

"நம்ம கைக்கு வர்றதெல்லாம் நாலு பேரு தேச்சுட்டுப் போட்டதுதான். இது ஒண்ணாவது யாரு கையும் படாம நம்ம புள்ளைக்குப் போகட்டும்" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறியபோதும் மகளுக்கான அந்தக் காசுப் பெட்டியைப் பற்றித்தான் பேசினார்.

துக்க வீட்டில் பந்தல் முதல் சாப்பாடு வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தவர் கொஸ்லந்தைச் சித்தப்பா. கருமாதி முடிந்ததும், "பொம்பளைங்க தனியா இருக்கிற வீட்டுல இது வேணாம்மா, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று பெட்டியைக் கொண்டுபோனார். கொண்டுபோய் என்ன செய்தார் தெரியுமா? குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு அத்தனை காசையும் தேய்த்தார். மின்னினால் விலை கூடுமாம்! தேய்த்ததை ஒரு பையில் கொட்டி, ஆள் தெரியாமல் அந்த நானாவிடமே விற்கப் போயிருக்கிறார்.

பையின் அடியில் கசங்கிக் கிடந்த உறைகளில் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டார் நானா. "பார்த்துச் சொல்கிறேன்" என்று பையை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இது ஒங்கட அண்ணன்ட காசு தானே? ஆரு இதப் போட்டுத் தேச்ச? எனக்குப் பாக்கேலாம இருக்கு."

பாய்மேல் கொட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒரே மாதிரி வெளிறிக் கிடந்தன. அண்ணி ஒரு ரூபாயைப் புரட்டி வருடத்தைப் பார்த்தவர், வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் பிறந்த வருடத்து ரூபாய். பெட்டியில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அண்ணி சந்தனம் குழைத்து, அடக்கத்துக்கு முன் அண்ணனின் நெற்றியில் தன் கையால் ஒட்டினார். அது அண்ணனோடு மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டியது.

சந்தனத்தையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார் பெரிய மனுஷர். இதை எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

அண்ணனின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், குழி வெட்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், எங்கள் நானாவுக்கும் இந்தக் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு நன்றி இல்லை. சவப்பெட்டியை மூடுமுன் கடைசியாக அண்ணன்மேல் விழுந்து அழுதவர் அவர்தான். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பாவம், தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நான்தான் அவரைத் தூக்கி நிறுத்தி, முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.