முத்துராஜும் பின்வாசல்காரனும்

தாய்மாமனின் மீசைக்கு இரண்டாவது தடவையாகக் கம்ப்யூட்டரில் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கிறார் பேனர் கடை முத்துராஜ். காதுகுத்து பேனரில் பிள்ளையின் முகம் எலுமிச்சம்பழ அளவு இருந்தால் போதும். மாமன் மீசை மட்டும் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரியவேண்டும். "எம்புட்டுச் செவப்பு வேணும்?" என்று அடுத்துக் கேட்பார். மாமன் வெட்கப்பட்டு, "பாத்துப் போடுங்கண்ணே" என்பார். கரிசல் வெயிலில் காய்ந்த ஒருவரும் அவருடைய பேனரில் கறுப்பாக நின்றதில்லை.

தொழிலில் அவருக்குத் தொலைநோக்கும் உண்டு. சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்துவிட்டால் உடனே கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே படமோ ஆதார் கார்டில் இருக்கும். ஆகவே கல்யாண பேனர்களுக்கு வந்த குரூப் போட்டோக்களிலிருந்து வயதானவர்களை மட்டும் வெட்டியெடுத்து, மாலை போட்டு, மேகத்தில் உட்காரவைத்து, தேதியைக் காலியாக விட்டு வைத்திருப்பார். ஃபோல்டரின் பெயர் 'அவசரம்'. அதிலுள்ள அத்தனை பேரும் இன்னும் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பரளச்சியிலிருக்கும் மாமனார் சீனிச்சாமியும் அதில் அடக்கம். இன்றும் கடப்பாரை பிடித்து வேலிக்கருவையை வேரோடு பெயர்க்கிற மனிதர். இந்த ஃபோல்டர் மனைவி சுகந்தியின் கண்ணில் பட்டால், தன் பேனருக்கும் தேதி மட்டும்தான் பாக்கி என்பது முத்துராஜுக்குத் தெரியும்.

இப்பேர்ப்பட்ட தொலைநோக்காளர்தான், டிசைனர்கள் வாட்ஸப் குரூப்பில் வந்த, பூட்டுடைத்த ஓசி டிசைன் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கூடவே ஒரு குறிப்பும் வந்தது: 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்.' வீட்டுக்கு வருகிற விருந்தாளி, நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கொல்லைக் கதவையும் திறந்து வையுங்கள் என்று சொல்லியனுப்பினால் நாம் யோசிப்போம். முத்துராஜ் அணைத்தார். "குரூப்பு அட்மினே போட்ருக்காரு. அவரு பொய்யா சொல்லுவாரு?"

சாப்ட்வேர் அருமையாக வேலை செய்தது. பின்வாசல் வைரஸின் நாகரிகமே அதுதான். கேட்டதைக் கொடுத்துவிட்டு, பின்னால் சத்தமில்லாமல் ஒரு கதவைத் திறந்து வைத்து, எந்த ஊரிலோ இருக்கும் எஜமானனுக்கு 'வரலாம்' என்று தகவல் அனுப்பும். அதற்குப் பிறகு அவன் நம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரிதான். திரையைப் பார்க்கலாம், பாஸ்வேர்டைப் படிக்கலாம், ஃபைல்களை அள்ளலாம். நெட் நொண்டியது. அணைத்த ஆன்டிவைரஸ் திரும்ப எழுந்திருக்க மறுத்தது. முத்துராஜ் வெயிலைக் குறை சொன்னார்.

ஒரு மத்தியானம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கையில், திரையில் அம்பு தானாக நகர்ந்தது. வேறு மவுஸ் மாட்டினார். அதற்கும் அடங்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராக எட்டிப் பார்த்துக்கொண்டே 'அவசரம்' பக்கம் போனது. கடை வாட்ஸப்பும் அதே கம்ப்யூட்டரில் திறந்து கிடந்தது. அவன் ஒரு தட்டு தட்டினால் சீனிச்சாமி பரளச்சி முழுக்கச் செத்துப்போவார். முத்துராஜ் பாய்ந்து மானிட்டரை அணைத்தார். "இருட்டுல அவனுக்கு என்ன தெரியும்?"

வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. சுகந்தி, விருதுநகரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறார். கூப்பிட்டால் சுகந்தி பார்ப்பார். கூப்பிடாவிட்டால் ஊரே பார்க்கும். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போன் போட்டார்.

"மானிட்டர அமத்துனீகளா?" என்று கேட்டார் சுகந்தி. "பாவம், வெளிச்சம் இல்லாம அவன் தடவிக்கிட்டுக் கெடப்பான். மொதல்ல நெட்டு ஒயரப் பிடுங்குங்க. போன்ல வாட்ஸப்பத் தொறந்து, அந்தக் கம்ப்யூட்டர லாக் அவுட் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் வேற அறிவாளித்தனம் எதும் பண்ணாதீக."

சாயங்காலம் பாலவனத்தம் வழி பஸ்ஸில் வந்திறங்கினார், லேபின் சுத்தமான கம்ப்யூட்டரில் தயார் செய்த பென்டிரைவோடு. அதை வைத்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி ஸ்கேன் ஓட்டினார். விண்டோஸுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே ஒருவன் பதுங்கியிருந்தான்.

"பிடிச்சாச்சுல்ல? அப்ப முடிஞ்சதுதான?"

"ஒருத்தனத்தான் பிடிச்சிருக்கு. அவன் இன்னும் எத்தன கதவு வச்சிருக்கானோ! மொத்தமாத் தொடச்சு எடுத்தாத்தான் நம்பலாம்."

படங்களையும் டிசைன்களையும் மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, ஓசிச் சரக்கு அத்தனையையும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். ஆன்டிவைரஸ் எழுந்து உட்கார்ந்தது. டிசைன் சாப்ட்வேர் இந்த முறை பூட்டு உடையாமல், அதன் கம்பெனியிலிருந்தே வந்தது. பாஸ்வேர்டுகளையெல்லாம் தன் போனிலிருந்து மாற்றினார். கடை வாட்ஸப்பைப் பார்த்தால், யாருக்கும் எதுவும் போயிருக்கவில்லை. பரளச்சியில் சீனிச்சாமி உயிரோடுதான் இருந்தார். முத்துராஜ் மூச்சை முழுசாக விட்டார்.

"இனி நம்ம ஃபைலு. ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணித் தொறந்து பாத்துத்தான் ஏத்தணும்" என்றார் சுகந்தி.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. "அத விட்ரு சுகந்தி. அதெல்லாம் பழைய குப்ப."

"குப்பைக்குள்ளதான் கெடப்பான்."

'அவசரம்' திறந்தது. மேகத்தின்மேல் உட்கார்ந்து சீனிச்சாமி சிரித்தார்.

சுகந்தி அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த தேதியைப் பார்த்தார். 'கண்ணீருடன்' என்ற வரிசைக்கு இறங்கி அங்கேயே நின்றார். முதல் பெயர்: மருமகன் முத்துராஜ். அதற்குக் கீழேதான் மகன், அதாவது சுகந்தியின் அண்ணன்.

"எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீங்க என்ன மொதப் பேரு?"

கணவரின் பெயரை மவுஸால் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, அண்ணன் பெயருக்குக் கீழே போட்டார்.

முத்துராஜ் குறுக்கே கையை நீட்டி, சேவ் கொடுத்தார்.