பச்சை உச்சி வைத்த தொப்பி

அதே போல் இன்னொரு தொப்பி பின்னிக் கொடுப்பது அவளுக்கு நல்லதா, கெட்டதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் சனிக்கிழமை மதியம் பெண்கள் சிலர் கூடிக் கம்பளித் தொப்பி பின்னுகிறோம். எல்லாம் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு. பெட்டி நிறைந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளியா என்று வாட்ச்மேன் முதல் என் கணவர் வரை கேலி செய்தாயிற்று. அந்தக் குழந்தைகளின் உடம்பில் சூடு நிற்காது என்று விளக்கி அலுத்துவிட்டது. அளவு பார்க்க ஒரு சாத்துக்குடி வைத்திருப்போம். அதன்மேல் தொப்பி சரியாக உட்கார்ந்தால் போதும். கிளம்பும்போது யாராவது அதை உரித்துத் தின்பார்கள்.

மூன்றாம் மாடியில் இருப்பவளும் வருவாள். என்னைவிட இளையவள், என்னைப் போலவே நாகர்கோவிலிலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவள். அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிறப்பதற்கு முன் குழந்தைக்கென்று ஒரு துணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். ஊரார் குழந்தைக்குப் பின்னலாம். அதனால் அவளுடைய நூலும் ஊசியும் ஹால் அலமாரியிலேயே இருந்தன. ஒருநாள் தொப்பியின் உச்சிக்கு வருமுன் என் மஞ்சள் நூல் தீர்ந்துபோனது. அவள் தன் பச்சை உருண்டையை என் மடியில் போட்டாள்.

"பச்சையிலயே முடிச்சிருங்க அக்கா. காம்போட மாம்பழம் மாதிரி இருக்கட்டும்."

ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. மகன் ஒரு பகல்தான் இருந்தான். வீட்டில் அவனுக்கென்று எதுவும் இல்லை. நர்ஸ் எங்கள் பெட்டியில் கைவிட்டு எடுத்தது அந்தத் தொப்பியை. அதோடுதான் புதைத்தார்கள்.

அவளைப் பார்க்கப் போனபோது என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அது சரியா என்றும் தெரியவில்லை. மகனை இழந்தவள் அழவில்லை. அவளுடைய அம்மா காபி போட உள்ளே போன நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, அதே மாதிரி ஒண்ணு பின்னித் தருவியளா? அவன் முகம் மறந்துகிட்டே வருது. தொப்பி மட்டும்தான் தெரியுது."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் காதிலும் விழுந்திருக்கிறது. லிஃப்ட் வரை கூடவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்துராதே மோளே. அவ அதையே பிடிச்சிட்டு இருந்துருவா. நீயும் ஒரு பிள்ளையப் பெத்தவதானே."

பெற்றவள் என்பதால்தான் கொடுக்கவும் தோன்றுகிறது, ஒளித்துவைக்கவும் தோன்றுகிறது.

மகள் தூங்கும் மதிய நேரங்களில் பின்னத் தொடங்கினேன். பின்னப் பின்ன வேறொரு பயம். முதல் தொப்பி இறுக்கமாக இருந்திருக்குமோ? சாத்துக்குடிக்குப் பொருந்தியது. அவன் தலைக்கு? அவளிடம் எப்படிக் கேட்பது?

மஞ்சள் பகுதி முடிந்துவிட்டது. உச்சி மட்டும் பாக்கி. அவளுடைய பச்சை உருண்டை இன்னும் ஹால் அலமாரியில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. சாத்துக்குடியையும் இப்போது யாரும் உரிப்பதில்லை. மேசையிலேயே கிடந்து சுருங்குகிறது.

வருகிற சனிக்கிழமை கீழே வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். குழந்தையை இழந்தவர்களோ, இழந்தவர் பக்கத்தில் இருந்தவர்களோ இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பச்சையை எடுத்து முடித்து அவள் கையில் கொடுக்கட்டுமா? கொடுக்கக்கூடாது என்றால், அவள் வந்து என் எதிரில் உட்காரும்போது நான் என்ன சொல்ல வேண்டும்?