இடது கை வளையல்கள்

கீமோவில் என் முடி கொட்டியதும், "சமயபுரத்துல மொட்டை போட்டிருக்கா, வேண்டுதல்" என்று மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். நாத்தனார் மாசமாக இருந்தாள். மார்புப் புற்றுநோய் என்ற பேச்சே வெளியே போகக் கூடாதாம்.

திருச்சி மருத்துவமனையில் கைப்பயிற்சி சொல்லித்தந்த பெண் என்னை எச்சரித்திருந்தார். "ஆபரேஷன்ல இடது அக்குள்ல இருந்த நெறிக்கட்டியும் எடுத்திருக்காங்க. இடது கையில இறுக்கமா எதையும் போடாதீங்க, வீங்கிடும்."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் அடுக்கினார்கள். நான் வலது கையை மட்டும் நீட்டினேன்.

"ஒத்தைக் கைக்கா போடுவாங்க? அதையும் நீட்டுடி" என்றார் மாமியார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நீட்டினேன்.

சாயங்காலம் கை வீங்கி, வளையல்கள் சதையில் புதைந்துவிட்டன. "உடைச்சு எடுத்துடறேன் அத்தை" என்று அழுதேன்.

"சுமங்கலி வளையலை உடைக்கறதா? அதுவும் இன்னிக்கு?"

கணவரைப் பார்த்தேன். "அம்மா சொல்றதைக் கேளேன்" என்றார்.

கொல்லையில் துவைக்கிற கல்லில் மோதி எல்லாவற்றையும் உடைத்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமியார், ரத்தம் வழிந்த என் கையைப் பார்க்கவில்லை. "என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று அலறினார். கணவர் போய்ச் சுவாமி விளக்கின் முன் நின்றுகொண்டார்.

அந்த வீக்கம் இன்றும் முழுதாக வடியவில்லை. புற்றுநோய் வந்தது எனக்கு. அந்த வீடு பயந்தது என் கணவர் உயிருக்கு.