மெனுவில் நான் எடுத்த இரண்டு வரிகள்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். தோட்டத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. மூடினால் நஷ்டஈட்டுக்கு யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்ல ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் சாட்சி. ஆட்களின் பேரும் நம்பரும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் இருபத்திரண்டு வருஷமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொடுத்த புண்ணியவான், ஒவ்வொரு தடவை புதுப்பித்தபோதும் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஸ்விட்சைப் போட்டால் எதைத் திறப்பது என்று கேட்டு ஏழு வரி மெனு வரும். பத்து விநாடி சும்மா இருந்தால் ஐந்தாவது வரி தானாகத் திறக்கும்.

மேனேஜருக்கு அது கண்ணை உறுத்தியது. "எதுக்குய்யா இத்தனை? வேண்டாததை எடுத்துடு" என்றார். ஆட்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார். எதை எடுப்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் அடுத்து எடுக்கப்படுவது நான்தானே!

மெனு எழுதியிருந்த கோப்பைத் திறந்து, மேலே இருந்த இரண்டு பழைய வரிகளை எடுத்தேன். கடைசி வரி எதற்கென்று புரியவில்லை. தொடப் பயந்து விட்டுவிட்டேன். 'ஐந்தாவதைத் திற' என்ற குறிப்பையும் மாற்றவில்லை. எஸ்டேட்டில் இரண்டாம் நம்பர் தேயிலை மலையைக் காடாக விட்டாலும் ஐந்தாம் நம்பர் மலை ஐந்தாம் நம்பர்தான். செத்தவர்களின் செக்ரோல் நம்பரைக்கூட இன்னொருவருக்குத் தரமாட்டார்கள். நம்பர் என்றால் நகராது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில், டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அணைத்துப் போட்டேன். அதே வரி. ஐயோ, அம்மாவின் இருபத்திரண்டு வருஷத்தையும் தின்றுவிட்டேனே! குளிரிலும் முதுகெல்லாம் வேர்த்தது. பக்கத்து அறையில் மேனேஜர் இருமினாலே தூக்கிப்போட்டது.

நான்காவது தடவைதான் மெனுவை ஒழுங்காக எண்ணிப் பார்த்தேன். ஐந்தே வரிகள். நான் தொடாமல் விட்ட அந்தக் கடைசி வரி, எப்போதோ கழற்றி எறிந்த டிஸ்க்குக்கானது. அதுதான் இப்போது ஐந்தாவது. பழைய ஐந்து, மூன்றாம் இடத்தில் நின்றது. அட மடையா! மேல் அம்புக்குறியை இரண்டு தடவை தட்டி என்டரை அழுத்தினேன். திறந்தது. சர்வீஸ் பட்டியல் அப்படியே இருந்தது.

குறிப்பில் ஐந்தை மூன்றாக்கினேன். மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் அம்மாவின் வரியை மட்டும் அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் அதை நீட்டினேன். "என்னாடா இது?"

"ஒன்னோட சர்வீஸும்மா. பத்திரமா வச்சுக்க. கம்ப்யூட்டர நம்ப முடியாது."

அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மட்டுந்தானா? நம்ம லயத்து வீடுகள்ல மத்தவளுகளுது?"

வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். ஸ்விட்சைப் போட்டு, பட்டியலில் இருந்த எல்லோருடைய வரியையும் ஒவ்வொன்றாக அச்செடுத்தேன். முந்தின நாள் நான் பயந்தது ஒரே ஒரு பேருக்காகத்தான்.