தவசி அண்ணன் ஓடிக்கொண்டே எரியவைத்த சைக்கிள் லைட்

கெங்குவார்பட்டி மைக்செட் தவசி அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன் போனில் சொன்னான்...

துக்கச் செய்திதான். ஆனால் போனை வைத்ததிலிருந்து அந்த ஒரு சாயங்காலம்தான் மனசுக்குள் ஓடுகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளில் ஊருக்கு ஊர் சைக்கிள் சாதனை நடக்கும். ஒரு வாரம் கீழே இறங்காமல் மைதானத்தில் வட்டமடிக்க வேண்டும். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே... ஜெயமங்கலத்தில் அதைச் செய்த கிறுக்கன் நான்தான்!

வீட்டில் பேச்சு இதுதான். ஓட்டி முடித்தால் அப்பா சைக்கிள் கடை வைத்துத் தருவார். நடுவில் கால் தரையில் பட்டால், தேனியில் மாமாவின் மிளகாய் மண்டிக்கு வேலைக்குப் போக வேண்டும். எனக்கோ மிளகாய் நெடி பட்டாலே தும்மல் நிற்காது.

மைக்செட், டியூப்லைட் எல்லாம் தவசி அண்ணன். சும்மா இருக்க மாட்டார். "பாருங்க மக்களே, நம்ம பாண்டி... காலா அது, இரும்பு!" எனக்கே கூச்சமாக இருக்கும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள். இருட்டத் தொடங்கியதும் கரண்ட் கட்!

ஆளாளுக்கு டார்ச் அடித்தார்கள். எல்லாம் என் கண்ணில்... கயிறு கட்டிய வட்டம் எங்கே என்றே தெரியவில்லை. "அடிக்காதீகப்பா, கண்ணு கூசுது!" என்று கத்தினேன்.

சைக்கிளில் டைனமோ லைட் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன வட்டத்தில் மெதுவாகத்தானே போக முடியும்? அந்த வேகத்துக்கு அது மின்மினிப் பூச்சிதான். வேகமெடுத்தால் சறுக்கி விழ வேண்டியதுதான்.

"ஏலே பாண்டி, நிப்பாட்டிராத! நான் வாரேன்!"

ஆம்ப்ளிஃபயருக்கு வைத்திருந்த கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன். கூட ஓடிக்கொண்டே அதை என் கேரியரில் வைத்து, ரெண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, டைனமோ வயரைப் பிடுங்கிப் பேட்டரியில் கொடுத்தார். பளீர்! ஒரே நொடி. பல்பு போய்விட்டது.

"அட கிறுக்குப் பயலே தவசி! ஆறு வோல்ட் பல்புக்குப் பன்னெண்டு வோல்ட்ட குடுத்துட்டியேடா!" தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

அந்தக் காலத்துப் பேட்டரியில் செல்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலேயே தெரியும். பாதியில் வயரைத் தொட்டால் ஆறு வோல்ட். அது ஞாபகம் வந்ததும் ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள்... "பல்பு! யாராச்சும் சைக்கிள் பல்ப கழட்டிக் குடுங்கப்பா!" பேட்டரி இங்கே இருப்பதால் மைக் கிடையாது. ஆனாலும் வைகை அணை வரைக்கும் கேட்டிருக்கும்.

நம்புவீர்களா... வேடிக்கை பார்த்த கூட்டம் அப்படியே தங்கள் சைக்கிள்களைப் பார்க்க ஓடியது! திரும்பி வந்தவர்கள் கையில் எல்லாம் பல்பு. தவசி அண்ணன் எனக்கு முன்னால் பின்பக்கமாகவே ஓடி, லைட்டைத் திறந்து ஒன்றை மாட்டினார். பின்னால் வந்து ஈயப் பட்டையில் வயரை அழுத்தினார்.

எரிந்தது! கயிறு தெரிந்தது, தரை தெரிந்தது. கைதட்டலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரண்ட் வரும்வரை வேறு யாரிடமும் பேட்டரியைக் கொடுக்கவில்லை. தொப்பை குலுங்கக் குலுங்க அவரே பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஆசிட் சிந்தி வேட்டியெல்லாம் ஓட்டை...

"எண்ணே, மூச்சு வாங்குது, யார்ட்டயாச்சும் குடுங்க."

"நீ முன்னாடி பாத்து ஓட்டுலே! மிளகா மண்டிக்குப் போகணுமாக்கும்?"

மறுநாள் முடித்தேன். இறங்கியதும் கால் நிற்கவில்லை. அறிவிக்க வேண்டிய ஆள் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

பெரியகுளத்தில் கடை திறந்த அன்று அந்த ஓட்டை வேட்டியோடுதான் வந்தார். அண்ணி எவ்வளவோ சொல்லியும் மாற்றவில்லையாம். வந்தவர்களிடம் எல்லாம் ஓட்டையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கெங்குவார்பட்டி பஸ்ஸில் இருக்கிறேன். மூட்டு வலி... சைக்கிளை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

போயிட்டு வாங்கண்ணே. இந்தத் தடவை உங்க கூட ஓடி வர என்னால முடியலை.