வழியில் நிற்காத ஜீப்பு

போடியிலிருந்து மலையேறி, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் கொண்டுபோய் இறக்குவதில் காசிராஜனுக்கு இருபத்தாறு வருட அனுபவம். அவர் ஜீப்பு வழியில் எங்கும் நிற்காது. பதினான்கு பெண்கள் பார்க்க ஓர் ஆம்பளை இறங்கிப் புதரைத் தேடிப் போவதா? அடக்கியே பழகிவிட்டார். பெரிய மானஸ்தர்!

அறுபதைத் தாண்டியபின் மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி வீங்கி, ஒருநாள் சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முத்துப்பிரியா சிறுநீர்க் குழாய் போட்டதும் அதில் மாட்டிய பை மளமளவென்று நிறைந்தது. மனிதர் அழுதேவிட்டார்.

"இப்ப இதுதாண்ணே உங்களக் காப்பாத்துச்சு. ஆனா அவசியத்துக்கு மட்டுந்தேன். நாலு நாள் மாத்திரை சாப்பிடுங்க, அப்புறம் குழாய எடுத்துப் பாப்போம். பை எப்பவும் இடுப்புக்குக் கீழயே இருக்கணும்" என்றாள் அவள்.

அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே ஜீப்பை எடுத்தார். பை காலடியில் கிடந்தால் பெண்கள் பார்த்துவிடுவார்களே! குழாயைச் சட்டைக்குள் ஓட்டி, எல்லாரும் சோற்றுத்தூக்கு மாட்டும் மேல்கம்பியில் மஞ்சப்பைக்குள் ஒளித்து மாட்டினார். மூன்றாம் நாள் போடிமெட்டில் குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஜீப்பில் வந்த பெண்களில் ஒருத்தியான கற்பகம்தான் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

"மேல மாட்டுனா மூத்திரம் திரும்ப உள்ளதானண்ணே எறங்கும்? உசுரோட வெளையாடுறீங்களா?" முத்துப்பிரியா பொரிந்து தள்ளினாள். குழாயை மாற்றி, ஊசி போட்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் குழாயை எடுத்தார்கள். தானாகப் போகாவிட்டால் மறுபடியும் குழாய், அப்புறம் ஆபரேஷன். மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று காசிராஜன் பயந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கழிவறையிலிருந்து வந்தவர் முகத்தைப் பார்த்தே முத்துப்பிரியா சிரித்துவிட்டாள். ஸ்கேன் வைத்துப் பார்த்தாள்.

"மூத்திரப்பை காலியாயிருச்சு. இனிமே குழாய் வேணாம். அடக்கவும் கூடாது."

அடுத்த மாதம் மலைப்பாதையில், கழிவறை உள்ள ஒரு டீக்கடை முன்னால் ஜீப்பு நின்றது. காசிராஜனுக்குக் காதெல்லாம் சுட்டது. "ஒண்ணுக்குப் போகணும் தாயி, வெரசா வந்துர்றேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் இறங்குவதற்குள் பதினான்கு பேரும் இறங்கிவிட்டார்கள்.

"இத்தன வருசமா நாங்களும் அடக்கிக்கிட்டுத்தேன் வர்றோம்ணே" என்றாள் கற்பகம். "ஆம்பளகிட்ட எப்பிடி நிறுத்தச் சொல்றது?"

காசிராஜன் போய் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டார்.